குறையாத பானை

"அந்தக் கெமிக்கல் பேருக்கு அர்த்தமே தண்ணிதாண்ணே" என்றார், கோரிப்பாளையம் பேருந்தில் என் முன் இருக்கையிலிருந்த இளைஞர். "உங்க தண்ணிப் பந்தல் பானையில டைஹைட்ரஜன் மோனாக்சைடு இருக்குன்னு, தெரு வாட்ஸ்அப் குரூப்புல விளையாட்டுக்குத்தான் போட்டேன்."

அருகிலிருந்த பெரியவர் சன்னலைப் பார்த்தபடியே பேசினார். "எம்மக தவறிப்போனதுலேர்ந்து வருசா வருசம் அவ பேருல வைக்கிற பந்தல், தம்பி. நேத்து ஒருத்தரும் டம்ளரத் தொடல."

"வெறும் தண்ணிதான்னு அப்பவே திருப்பிப் போட்டேண்ணே. யாரும் நம்பல."

"அதையும் பார்த்தேன்."

"சாயந்தரம் கீழ ஊத்திட்டீங்களா?"

"மனசு வரல. அவ பேரு எழுதின பானைல்ல? உன் மதினியும் நானும் மாத்தி மாத்தி மோந்து குடிச்சோம்."

"அம்புட்டையுமா?"

"முடிஞ்ச மட்டும்."