தீவின் உயிர்காப்புப் படகில் ஒரு சமையல்காரர்

தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில், ஒரு மரக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். ஒருவர் பிரான்சின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு தீவில் சமையல் வேலை செய்கிறவர். மற்றவர் அவருடைய மச்சான்.

“எனக்கு நீந்தத் தெரியாது. ஆனா கடலிலை தத்தளிக்கிற ஆக்களைக் காப்பாத்திற வள்ளத்திலை நானும் ஒரு ஆள்,” என்றார் சமையல்காரர்.

மச்சான் சிரித்துவிட்டார். “உன்னை ஏன் சேர்த்தவங்கள்?”

“வக்கான்ஸ் விடுமுறைக்கு வந்த சனம் போனாப் பிறகு தீவிலை ஆக்கள் இல்லை. அந்தக் காலத்திலையும் அப்பிடித்தானாம். ஆம்பிளையள் மீன்பிடிக்கப் போயிட்டா, பொம்பிளையள்தான் கயிறு கட்டி வள்ளத்தை இழுத்து இறக்கினவையாம். எங்கடை வள்ள நிலையத்திலை அந்தப் படம் தொங்குது.”

“வேலை நேரத்திலை முதலாளி விடுவாரே?”

“ஆபத்துச் சங்கு ஊதினா நான் ஓடுவன், அவர் பின்னாலை நிண்டு கத்துவார். போன மாரியிலை தூண்டில் போடப் போன முதலாளியின்ரை வள்ளமே கவிண்டு போச்சு. நான்தான் கொலரிலை பிடிச்சு மேலை ஏத்தினன். நடுங்கிக்கொண்டு என்னைப் பாத்து, ‘அப்ப அடுப்பை ஆர் பாக்கிறது?’ எண்டார்.”

“நீ என்ன சொன்னனி?”

“அணைச்சுப்போட்டுத்தான் வந்தனான் எண்டன். இப்ப சங்கு ஊதினா அவரே ஓடிவந்து என்ரை ஏப்ரனை அவிழ்க்கிறார், மச்சான்.”