அப்ரண்டிஸ் கையெழுத்து

காலையில் சுண்ணாம்புக்குளத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஏரியில் மீன் பிடிக்கும் ஒருவரும் ஐ.டி.ஐ. முடித்த அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் ஒரு கம்பெனியின் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் இருந்தது.

“ஒரு வருஷம் வேல வாங்கிட்டு வூட்டுக்குப் போன்னுவானாம். உங்கம்மா சொல்றான்னு இதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?”

“எனக்கு இன்னும் பதினெட்டு ஆவல, நைனா. நீ போட்டாத்தான் சேத்துப்பாங்க. இன்னிக்குதான் கடைசி நாளு.”

“அப்பறம் வேல நிச்சயம்னு எங்கியாச்சும் எழுதிக்கீதா?”

“இல்ல. மெஷின்ல வேல கத்துத் தருவாங்க. மாசாமாசம் உதவித்தொகை உண்டு. கடைசில பரீட்ச வச்சி சர்டிபிகேட் தருவாங்க. அத வச்சி வேற கம்பெனிலயும் கேக்கலாம்.”

“அவனும் இல்லன்னுட்டா?”

“ஏரில வல போட நம்ப மொற வர்ற அன்னிக்கு எறா கெடைக்கும்னு உனக்கு யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா? நீ போவல?”

“வாய் மட்டும் அப்படியே உங்கம்மா.”

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. அவர் சட்டைப் பையைத் தடவினார்.

“பேனாவக் குடு. ரோடு கொஞ்சம் நல்லா வர்ட்டும், போடறேன். உங்கம்மா கேட்டா, பஸ் ஏறும்போதே போட்டுட்டேன்னு சொல்லு.”