வெள்ளிக் கோடு, கரிக் கோடு

வெள்ளி மைப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் நன்றாகக் குலுக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. வெள்ளித் தூள் கனமானது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குலுக்காமல் மேலாகத் தொட்டுக் கோடு போட்டால் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், கரண்ட் போகாது. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள இது தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஐயா. எதையும் முதலிலிருந்து சொல்வது என் வழக்கம்.

என் பெயர் அர்த்தனாரி. ஊர், கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளி. சொந்த நிலத்தைத் தம்பி பார்க்கிறான். நான் தினமும் காலை பஸ்ஸில் எழுபது வளைவும் ஏறி, செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடையைத் திறப்பேன். ரேடியோ, டேப், டி.வி. எல்லாம் பார்ப்பேன். பதினெட்டு வருஷமாகிறது. மலையில் மின்சாரச் சாமான்களுக்கு வருவது பெரும்பாலும் ஒரே நோய்தான், ஈரம். போர்டில் செம்புக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா, வயலில் வாய்க்கால் மாதிரி, அதில் களிம்பு ஏறி எங்காவது ஒரு நெல்மணி அளவுக்குத் தின்றுவிடும். அவ்வளவுதான், பெட்டி ஊமையாகிவிடும். மற்றவர்கள் மேலே ஒரு வயரை வைத்துப் பற்ற வைப்பார்கள். நான் சேலத்திலிருந்து வெள்ளி மை வாங்கி வந்து, பூனைமுடி பிரஷ்ஷால் விட்டுப்போன கோட்டை வரைவேன். அது காய்ந்தால் செம்புக்கு அண்ணன்.

வெள்ளி மை இல்லாதபோது கரி மை. தீர்ந்துபோன டார்ச் பேட்டரிக் கட்டைக்குள் இருக்கும் கரிக் குச்சியை அரைத்து நகப் பாலீஷில் குழைத்தால் அதுவும் கரண்டைக் கடத்தும், கொஞ்சமாக. வெயில் காலத்தில் ஒழுங்காக உழைக்கும். ஈரக் காற்று பட்டால் உப்பி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டுக் கைவிட்டுவிடும். விளையாட்டுச் சாமான்களுக்கு மட்டும்தான் அதைப் போடுவேன். போடும்போது ஆளிடம் சொல்லியும் விடுவேன். ஒரே ஒரு தடவைதான் சொல்லாமல் போட்டேன்.

எனக்கு ஒரே மகள், வித்யாஸ்ரீ. பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் என்னோடு கடைக்கு வந்தாள். அவள் கைக்கு நடுக்கமே கிடையாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போடும் கோட்டை அவள் பேசிக்கொண்டே போடுவாள். அங்கேதான் ரமேஷ்குமார் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். மலைமேல் பெரக்கரை நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர், மரவள்ளியும் மிளகும் போடுகிற குடும்பம். அந்த டேப் நாலு முறை பழுதானது. நாலாவது முறை அதில் ஒரு பழுதும் இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். தொண்ணூற்றொன்பது மாசியில் அவள் அவனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள்.

பையன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பக்கம் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. பங்காளிகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கிணற்றடியில் அவளுக்காகத் தலை முழுகினேன். கோயிலில் கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, இனி அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இதோ பாருங்கள், தழும்பு இருக்கிறது. கற்பூரத்தை அணைத்துச் செய்த சத்தியத்தை மீறியவன் எங்கள் ஊரில் இல்லை. அவளை நினைக்காத நாளும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய ஊருக்கு ஒரு பொது போன் வந்திருந்தது. ஒயர் கிடையாது, கூரைமேல் கம்பி, சூரிய வெளிச்சத்தில் ஏறும் பேட்டரி. ஊரில் படித்தவள் வித்யா என்பதால் அவள் வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். வாரம் ஒரு முறை எங்கள் பக்கத்து வீட்டுக்கு அழைத்து அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். என் மனைவி அம்சவேணி பேசிவிட்டு வந்து, மிளகாய் அரைத்ததால் கண் எரிகிறது என்பாள். நானும் கேட்டுக்கொள்வேன்.

இரண்டாயிரம் ஆவணியில் குப்புசாமி கடைக்கு வந்தார். ரமேஷ்குமாரின் அப்பா. முறைக்கு எனக்குச் சம்பந்தி. அன்றைக்குத்தான் முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கிறோம். துண்டில் சுற்றிய போன் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வாங்க என்று நான் சொல்லவில்லை.

"ஏனுங்க, பேட்டரித் தண்ணி ஒழுகி உள்ள போயிருச்சுங்க," என்றார். "போன் ஆபீசு ஆளு மலைக்கு வர நாளாவுமாம். மழைக்கு முன்னாடி ஆயிட்டாத் தேவலைங்க. ஊட்டுல புள்ளைக்கு ஏழாம் மாசமுங்க."

உங்கள் மகளுக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் யாருக்கு என்று கேட்கவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றேன்.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு கோடுகள் போயிருந்தன. ஒன்று, வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு மணியடித்துப் பேச்சைக் கேட்க வைக்கும் வழி. மற்றது நம்பர் பொத்தான்களுக்குப் போகிற வழி. முதல் கோட்டை வெள்ளியில் போட்டேன். இரண்டாவதுக்கு மை போதவில்லை. அதைக் கரியில் போட்டேன்.

நீங்கள் கடையிலிருந்து எடுத்த பாட்டிலில் பாதிக்குமேல் மை இருந்தது என்கிறீர்கள். இருக்கும். கரிக் கோட்டின்மேல் எதற்குப் போர்டு நிறத்திலேயே பச்சை வார்னிஷ் பூசினாய் என்று கேட்டீர்கள். வித்யா திறந்து பார்த்தால் கறுப்பைக் கண்டதும் தெரிந்துகொள்வாள். என்னிடம் தொழில் படித்தவள்.

காரணத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நியாயமா என்று பாருங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அது அவளுக்கும் தெரியும். மேகம் இறங்குகிற காலத்தில் போன் போகாவிட்டால், அம்மாவோடு பேச வழியில்லாமல், வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளே இறங்கி வருவாள். வாசலில் வந்து நிற்பாள். பேச மாட்டேன் என்றுதான் சத்தியம், கதவைத் திறக்க மாட்டேன் என்று இல்லை. பெற்றவன் மனசு வேறு என்ன செய்யும். நான் அவளை வரவழைக்கத்தான் பார்த்தேன்.

வெள்ளிக் கோடு எனக்காக. அதை மறைக்க ஒன்றுமில்லை. பெட்டியின் அடியில் நம்பர் ஒட்டியிருந்தது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கடை போனிலிருந்து அழைப்பேன். "அலோ, யாருங்க?" என்பாள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கேட்பது பேசுவதாகாது.

நாலைந்து நாளில் அவளாகவே ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். "அம்மா, நீதான்னு தெரியும். பக்கத்து ஊட்டுல பேசறது அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சாட்டம் இருக்குது, அவருக்குப் பயந்துக்கிட்டு பூத்துல நின்னு கூப்பிடற. இனி அங்க நான் கூப்பிடல. நீ பேசாட்டிப் போவுது, நான் பேசறேன், கேட்டுக்கிட்டு இரு," என்றாள். அன்றிலிருந்து அவள் பேசுவாள், நான் கேட்பேன். மாமியார் மாதம்மாள் தினை மாவில் தேன் விட்டுப் பிசைந்து கொடுப்பது, கால் வீங்கியது, ரமேஷ்குமார் தொட்டில் கட்ட விட்டத்தில் ஆணி அடித்தது எல்லாம் சொன்னாள். ஒருநாள், உள்ளே இருப்பது ஓயாமல் உதைக்கிறது, அப்புச்சியின், அதாவது என்னுடைய, கோபம் அப்படியே வந்திருக்கிறது என்று சிரித்தாள். நான் பொத்தானை அமுக்கி வைத்துவிட்டேன். கடையில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் அழுதேன்.

புரட்டாசியில் மேகம் இறங்கத் தொடங்கியது. கரிக் கோடு நான் நினைத்தபடியே நடந்துகொண்டது. குப்புசாமி ஒருநாள் மிளகு விற்க வந்தவர் கடைப் பக்கம் வந்தார். வெயில் இருந்தால் நம்பர் போகிறதாம், மேகம் வந்தால் இல்லையாம்.

"மேகம் எறங்குச்சுன்னா போனும் படுத்துக்குதுங்க," என்றார். "உள்ள வர்ற போன் மட்டும் வருது. இன்னொருக்காப் பாக்கறீங்களா?"

மலை என்றால் அப்படித்தான் என்றேன். நம்பிக்கொண்டார். தலையாட்டிவிட்டுப் போனார். பெட்டியைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் அரைமணி நேர வேலை. தெரியும்.

அவளோ வரவில்லை. காரணத்தையும் அவளே போனில் சொன்னாள். "கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்து நீ கூப்பிட்டாத்தானம்மா நான் வர முடியும். கூப்பிடாத ஊட்டுக்கு வயித்தோட எப்படி வர்றது? மாமியா ஊட்டுல என்ன நினைப்பாங்க?" என்றாள். வழக்கம் தப்பாமல் வளர்த்திருந்தேன். கீழே அம்சவேணி, மகள் அழைப்பதே இல்லை, திருப்பி அழைக்க நம்பரும் தெரியாது, ஏதோ கோபம், அவளாக ஒரு வார்த்தை சொல்லாமல் எந்த முகத்தோடு கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போவது என்று தவித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். இன்னொருத்தி பேசட்டும் என்று காத்திருந்தாள். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். யாரிடம் சொல்வது? அவளிடம் பேசக்கூடாது. இவளிடம் சொன்னால், தினமும் அழைத்துக் கேட்டது வெளியே வந்துவிடும். என் கை கட்டப்பட்டிருந்தது, ஐயா. கட்டியது யார் என்று கேட்காதீர்கள்.

ஐப்பசி பதினொன்றாம் தேதி நல்ல மேகம். எதிரே நிற்கும் பஸ் தெரியவில்லை. நாலு மணிக்கு அழைத்தேன். மணி அடித்தவுடனே எடுத்தாள்.

"அம்மா, வெச்சிராத," என்றாள். மூச்சு வாங்கியது. "மத்தியானத்துல இருந்து வலிக்குது. மருத்துவச்சி பாவாயி அக்கா வந்து பாத்துட்டுப் புள்ள திரும்பியிருக்குது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்னு சொல்லிருச்சு. அவரு ஜீப்புக்கு நடந்தே போயிருக்காரு. நம்பர் போவ மாட்டேங்குது, நாலஞ்சு வாட்டி அமுத்திப் பாத்துட்டேன். செம்மேட்டுல காளியண்ணன் ஜீப் நிக்கும். யாருகிட்டயாச்சும் சொல்லி அனுப்பி வையம்மா. ரத்தம் போவுது."

காளியண்ணன் ஜீப் நின்றுகொண்டுதான் இருந்தது. என் கடை வாசலிலிருந்து பத்தடி. பானட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ரமேஷ்குமார் செம்மேட்டுக்கு வந்து சேரும்போது ஐந்தரை மணி. முழங்கால்வரை சேறு. ஜீப்பில் ஏறும்போது என் கடைப் பக்கம் அவன் திரும்பவில்லை. மரியாதை தெரிந்தவன். அவர்கள் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகையில், செம்மேட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு உயிரும். சாவுக்கு நான் போகவில்லை. ஏற்கெனவே முழுகிய தலை, மறுபடியும் முழுக வேண்டியதில்லை என்று பங்காளிகள் சொன்னார்கள். அம்சவேணி மட்டும் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். திரும்பி வந்து இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இருந்ததைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மகளோடு பேசாமலே ஜீப்காரனிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொல்லலாம் என்று எழுந்தேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று காளியண்ணன் கேட்பான். அவன் செம்மேடு முழுக்கச் சொல்வான். காரவள்ளிக்கும் போகும். கற்பூரம் அணைத்தவன் தினமும் நாலு மணிக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று பங்காளிகள் சிரிப்பார்கள். ஒரு நிமிஷம் யோசித்தேன். அவ்வளவுதான். ரமேஷ்குமார் எப்படியும் வந்துவிடுவான் என்று தோன்றியது.

காளியண்ணன் உங்களிடம் என்ன சொன்னான் என்று தெரியாது. நடந்தது இதுதான். நான் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

"யாருங்க போன்ல? சவாரியா?" என்று கேட்டான்.

"ராங் நம்பருங்க," என்றேன்.

அவன் டம்ளரைக் கொடுக்கப் போனான். ரிசீவர் இன்னும் என் கையில்தான் இருந்தது, வைக்க மறந்திருந்தேன். அந்தப் பக்கம் முனகல் நின்றுபோயிருந்தது.

"அப்பாவா?" என்றாள்.

வெள்ளிக் கோடு அல்லவா, இரைச்சலே இல்லை, பக்கத்தில் நின்று கேட்பதுபோல இருந்தது. இன்னொரு முறையும் கேட்டாள். நான் மெதுவாக வைத்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் பேசியது காளியண்ணனோடு. சத்தியம் செய்த நாளிலிருந்து கடைசிவரை என் மகளோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.