நான்காவது லைன்

நான்கு தொலைபேசி லைன்களை ஒன்றாகக் கட்டினால் இன்ரநெற் வேகம் நாலு மடங்காகிவிடும் என்றுதான் பொதுவாக ஆட்கள் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் ஓர் ஆஸ்பத்திரிக்கு.

மேடம், உங்கள் விசாரணைக்காக நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு தொழில்நுட்ப அறிக்கை. கொடிகாமத்து ஆஸ்பத்திரியில் கார்த்திகை மாதம் அந்த ஸ்கான் படங்கள் கொழும்புக்கு ஏன் நேரத்துக்குப் போகவில்லை, கனிசியஸ் பொருத்திய ரவுட்டரில் என்ன பிழை என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். இரண்டு பக்கம் போதாது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எனக்கு நல்லூரில் ரியூசன் வகுப்புகள் நடக்கும் ஒழுங்கை ஒன்றில் கொம்பியூட்டர் கடை. அதற்கு முன் தொலைபேசிக் கம்பி இழுக்கும் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் ஒன்பது வருடம் வேலை செய்தேன். தென்மராட்சியில் எந்தக் கம்பி எந்த மதகுக்குக் கீழால் போகிறது என்பது எனக்கு மனப்பாடம். அந்த ஆஸ்பத்திரி சிறியது, தனியார் நடத்துவது, பத்துக் கட்டில். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு ஸ்கான் இயந்திரம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். படம் எடுக்கலாம், ஆனால் அதைப் பார்த்து முடிவு சொல்லும் வைத்தியர் கொழும்பில்தான். கண்ணாடி இழை இணைப்பு பெரிய வீதியோடு நின்றுவிட்டது, ஒழுங்கைக்குள் வரவில்லை. கைபேசிச் சமிக்ஞையை நம்பிப் படம் அனுப்ப முடியாது. ஆகவே செப்புக்கம்பி லைன் நான்கு எடுத்து, ஆறு அன்ரனா வைத்த ஒரு ரவுட்டரில் நான்தான் பொருத்திக் கொடுத்தேன். ஸ்கான் இயந்திரத்தை இயக்குவது என் மனைவி சிவகௌரி. பொறுப்பாக இருந்த டொக்டர் உதயகலா எதற்கெடுத்தாலும், “நமசிவாயத்தைக் கேளுங்கோ” என்று என்னைத்தான் காட்டுவார். இரண்டு வருடம் அப்படி இருந்தது.

பிறகு கனிசியஸ் வந்தார். குருநகர் ஆள், என்னைவிட மூன்று வயது குறைவு. டோகாவில் பதினொரு வருடம் இதே வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். படங்கள் போக பன்னிரண்டு நிமிடம் எடுக்கிறது என்று யாரோ சொல்லி, டொக்டர் அவரைக் கூப்பிட்டிருந்தார். எல்லோரும் இருந்த அறையில், என் மனைவியும் இருந்தபோது, அவர் அந்த ஆறு அன்ரனாப் பெட்டியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“அண்ணை செய்ததிலை பிழை இல்லை, டொக்டர். இது நாலு பேரை நாலு ரோட்டிலை பிரிச்சு விடுற மாதிரி. நாலு பேர் வந்தால் நல்லா வேலை செய்யும். ஆனால் ஸ்கான் படம் ஒராள்தானே. ஒராள் ஒரு ரோட்டாலைதான் போவார்.”

“அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் ஒரு லைனாலைதான் அனுப்பினனாங்களோ?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம். அண்ணைக்கு அது தெரியும். நல்ல ரவுட்டர் வாங்க ஆஸ்பத்திரி விட்டிருக்காது, அதுதான்.”

எனக்கு அது தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அதை மூடி மறைத்துத் தந்தார். சிவகௌரி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் என்னை அவமானப்படுத்தியிருந்தால் நான் நாலு வார்த்தை ஏசிவிட்டு வந்திருப்பேன், விசயம் அதோடு முடிந்திருக்கும். இதை நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் செய்தது உண்மையான கட்டு. படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி நான்கு லைனிலும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். கொழும்பில் இன்னொரு இயந்திரம் அவற்றை வரிசைப்படுத்தித் திரும்ப ஒரு படமாக ஒட்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த ரவுட்டர் சாம்பல் நிறத்தில் சவர்க்காரக் கட்டி அளவு. அன்ரனா ஒன்றும் இல்லை. உள்ளே இருந்த மூளை நல்லது. கொம்பனி போட்டு அனுப்பும் ஃபேர்ம்வெயரை, அதாவது ரவுட்டரை உள்ளிருந்து நடத்தும் மென்பொருளை, அழித்துவிட்டு உலகத்தில் பலர் சேர்ந்து எழுதிய வேறொன்றை ஏற்ற வேண்டும். எட்டாம் நாள் படம் மூன்று நிமிடத்தில் போனது.

அதன் பிறகு வீட்டில் அந்த மூன்று நிமிடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சோறு போடும்போதும் சிவகௌரி, “இண்டைக்கு இரண்டே முக்கால் நிமிசம்” என்பாள். என்னிடம் ஒரு நாளும் கேட்காத கேள்விகளை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எனக்கு விளங்கப்படுத்துவாள். தவறாக எண்ண வேண்டாம். அவர்களுக்குள் ஒன்றும் இல்லை, கனிசியஸ் குடும்பஸ்தர், மரியாதையானவர். ஒன்று இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊரில் நாலு பேரிடம் சொல்லலாம். மனைவி இன்னொருவனின் வேலையை மெச்சுகிறாள் என்று யாரிடம் போய் முறையிடுவது?

ஆவணி மாதம் பழைய ஃபேர்ம்வெயரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்து, புதிய பதிப்புகள் இரண்டு வெளியிட்டார்கள். கனிசியஸ் கொழும்புப் பக்க இயந்திரத்தைப் பார்க்கப் போயிருந்தார். அங்கிருந்து போனில் எனக்குப் பேசினார்.

“அண்ணை, இஞ்சத்தைப் பக்கம் நான் பாக்கிறன். ரவுட்டருக்கு எதைப் போடுறதெண்டு நீங்களே பாத்துப் போடுங்கோ. உங்களுக்குச் சரியெண்டு படுறது எனக்கும் சரி.”

நான் இரண்டு பதிப்பையும் ஒரு கிழமை படித்தேன். பாவிப்பவர்கள் எழுதிய முறைப்பாடுகள் எல்லாவற்றையும் வாசித்தேன். முதலாவது பதிப்பில், ஒரு லைன் தளர்ந்தால் ரவுட்டர் அதைக் கழற்றிவிட்டு மிச்சம் மூன்றோடு போகும். இரண்டாவதில் ஒரு கோளாறு இருந்தது. தளர்ந்த லைனை அது கழற்றாது. தொலைந்த துண்டு வரும் வரும் என்று மற்ற மூன்றையும் நிறுத்தி வைத்துக் காத்திருக்கும், பிறகு முழுவதையும் முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பவருக்கு வேலை நடப்பது போலவே இருக்கும்.

நான் இரண்டாவதைப் போட்டேன்.

அது மட்டும் இருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. நான்கு லைனும் சுத்தமாக இருக்கும்வரை அந்தக் கோளாறு வெளியே தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரியின் நான்காவது லைன் மீசாலைப் பக்கம் ஒரு மதகுக்குக் கீழால் வருகிறது. அங்கே ஒரு கம்பி மூட்டு இருக்கிறது. கொந்தராத்து வேலை செய்த காலத்தில் அதைப் போட்டது நான்தான், அன்றைக்கு மழை பிடித்ததால் சரியாக மூடாமல் வந்துவிட்டேன். வெயில் காலத்தில் நல்ல லைன். மதகில் தண்ணீர் ஏறினால் இரையத் தொடங்கும், தளர்ந்துவிடும். என் பழைய முறையில் அது பெரிதாகத் தெரியவில்லை. நான் அந்த நான்காவது லைனை முன்னுக்கு எடுத்து, ஒவ்வொரு படமும் அதிலிருந்தே தொடங்கும்படி கட்டின் முதல் லைனாக வைத்தேன். வெயில் காலம், படங்கள் மூன்று நிமிடத்தில் போய்க்கொண்டிருந்தன. கனிசியஸ் நன்றி சொன்னார்.

பிறகு மழைக்காகக் காத்திருந்தேன். புரட்டாதி முழுக்கக் காய்ந்தது. ஐப்பசியில் இரண்டு தூறல், மதகு நனையக்கூட இல்லை. எனக்கு அவசரம் இருக்கவில்லை. நான் எதிர்பார்த்தது சிறிய விசயம். யாருக்காவது இடுப்பு எலும்பு முறிந்திருக்கும், படம் போகாது, டொக்டர் சினப்பார், கனிசியஸ் ஓடி வந்து காரணம் தெரியாமல் முழிப்பார். ஆட்கள் என்னைக் கூப்பிடுவார்கள். இவ்வளவுதான்.

கார்த்திகை மூன்றாம் கிழமை, செவ்வாய்க்கிழமை, விடியப் பிடித்த மழை விடவில்லை. கொடிகாமம் சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறும் செல்வநாயகம் என்பவருக்கு, காலை பத்தரை மணிக்கு விலை கூறிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணியது. தலைச்சுற்று என்று வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்திருக்கிறார்கள். மகள் பிரதீபா வேலையால் வந்து பார்த்து, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ஒன்றரை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்திருந்தால் அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. நாலரை மணித்தியாலத்துக்குள், அதாவது மூன்று மணிக்கு முன், போட வேண்டும். ஆனால் உள்ளே இரத்தம் கசிந்திருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். கொழும்பு படத்தைப் பார்த்துச் சொல்லாமல் டொக்டர் போடமாட்டார், போடவும் கூடாது. அந்த மழையில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக முக்கால் மணித்தியாலம். படம்தான் போய்க்கொண்டிருக்கிறதே என்று அவர்கள் காத்திருந்தார்கள். இணைப்பு முழுதாக அறுந்திருந்தால் உடனே அவரை ஏற்றி அனுப்பியிருப்பார்கள்.

இரண்டு மணி கழிந்து ஐந்து நிமிடத்தில் சிவகௌரி எனக்குப் பேசினாள்.

“இஞ்சருங்கோ, படம் போகுதில்லை. முப்பது வீதத்துக்கு வருது, பிறகு பூச்சியத்துக்குப் போகுது. என்ன செய்யிறது?”

“கனிசியஸைக் கேளும். அவர்தானே கட்டினவர்.”

“அவர் எடுக்கிறாரில்லை. அவரின்ரை தமையன்ரை மகளுக்கு இண்டைக்குக் கோயிலிலை ஞானஸ்நானம்.”

“அப்ப திரும்ப எடுத்துப் பாரும்,” என்றேன்.

என் கடையிலிருந்து அந்த ரவுட்டருக்குள் போக எனக்கு வழி இருந்தது. அவள் பேசும்போதே நான் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது லைன் நான் நினைத்தபடியே துண்டுகளைத் தொலைத்துக்கொண்டிருந்தது. அதைக் கட்டிலிருந்து கழற்ற ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதி வைத்துவிட்டேன். விசையை அழுத்தவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்குத் திரும்பவும் பேசினாள். ஆள் இன்னும் கையைப் பிடித்து ஏதோ சொல்லப் பார்க்கிறார், சொல் வருகுதில்லை என்றாள். மகள் பக்கத்தில் நின்று அழுவது எனக்கும் கேட்டது. எந்த விளக்கு எரிகிறது, எது மினுங்குகிறது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் போய்ப் பார்த்துப் பார்த்து வந்து சொன்னாள். அந்தக் கேள்விகள் ஒன்றும் தேவை இல்லை.

“கனிசியஸ் இதுக்கு என்ன சொல்லித் தந்தவர்?” என்றும் கேட்டேன்.

“அவரை விடுங்கோ,” என்றாள். “அவருக்கு என்ன தெரியும். உங்களுக்குத்தான் தெரியும். கும்பிட்டுக் கேக்கிறன், ஏதாவது செய்யுங்கோ.”

அப்போது இரண்டு நாற்பத்தொன்று. நான் அழுத்தினேன். படம் நாலு நிமிடத்தில் போனது. கொழும்பில் அந்த வைத்தியர் வேறொரு நோயாளியிடம் நின்றார். அவர் வந்து பார்த்து, கசிவு இல்லை, ஊசி போடலாம் என்று சொன்னபோது மூன்று பத்து. டொக்டர் உதயகலா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார் என்றும், பிறகு அதைத் திரும்பத் தட்டில் வைத்தார் என்றும் சிவகௌரி சொன்னாள்.

செல்வநாயகம் பத்தொன்பது நாள் இருந்தார். வலப் பக்கம் விழுந்துவிட்டது, ஒரு சொல்லும் வரவில்லை. விழுங்கிய கஞ்சி சுவாசப்பைக்குள் போய்ச் சளி கட்டி இறந்தார். நான் செத்தவீட்டுக்குப் போனேன். நேரத்துக்கு உதவி செய்தவர் என்று என்னைக் காட்டி யாரோ சொன்னார்கள். எனக்கு ஒரு கதிரை தந்தார்கள்.

அந்த நாட்களில் வீடு நன்றாக இருந்தது. சிவகௌரி சாப்பிடாமல் இருப்பாள், நான் ஊட்டிவிடுவேன். எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டாள். நான் உண்மையைச் சொல்கிறேன், இந்த விசாரணை வந்திராவிட்டால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

கனிசியஸ் உங்களுக்கு முன்னால் சொன்ன சாட்சியம் எனக்கு வந்து சேர்ந்தது. “அந்த ஃபேர்ம்வெயரைத் தெரிஞ்செடுத்தது நான்தான். நமசி அண்ணைக்கு இதிலை ஒரு பங்கும் இல்லை” என்று கையெழுத்து வைத்திருக்கிறார். அது பொய். நான் தெரியாமல் பிழை விட்டுவிட்டேன் என்று எண்ணி, என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். அவருக்கு வேலை போய்விட்டது. சந்தையில் அவரை ஒருவர் அடிக்கவும் போயிருக்கிறார். குறுக்கே போய் மறித்தது பிரதீபா. “நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே” என்று அவருடைய கையைப் பிடித்துச் சொன்னாளாம்.

முந்தநாள் சிவகௌரி குருநகருக்குப் போய் அவருடைய வீட்டாரைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“பிழையை ஒத்துக்கொள்ள ஒரு மனம் வேணும். உந்த மனம் எல்லாருக்கும் வராது.”

அவரைப் பற்றித்தான் சொன்னாள். முந்தி மூன்று நிமிடத்தைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

அதனால்தான் எழுதுகிறேன். மனச்சாட்சி என்று நீங்கள் எழுதிக்கொள்ள விரும்பினால் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் நியாயத்தைப் பாருங்கள். எந்தப் பதிப்பு தளர்ந்த லைனைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எந்த லைன் எவ்வளவு மழையில் தளரும், இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணித்தவன் நான். டோகாவில் பதினொரு வருடம் இருந்தவர் அதை மூன்று மாதம் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை, இன்றைக்கும் கண்டுபிடிக்கவில்லை. செய்யாத ஒன்றுக்கு அவர் பெயர் எடுத்துக்கொண்டு போவது சரியில்லை.

ஆகவே உங்கள் அறிக்கையில் கனிசியஸ் என்று இருக்கும் இடமெல்லாம் வெட்டிவிட்டு என் பெயரைப் போடுங்கள். தியாகராசா நமசிவாயம். பிரதிகளில் ஒன்றை என் மனைவியின் பெயருக்கு அனுப்பிவையுங்கள், அவள் வாசிக்க வேண்டும்.