ரெண்டு எண்ணுற நேரம்

ஆறு பேருன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க தம்பி, தப்பு. அன்னைக்குக் காலையில ஏரியில இருந்தது ஏழு பேரு. நான் ஒண்ணு. என் படகுல முன்னாடி நின்னுக்கிட்டு ஹாலிஸ் டிட்மோர். நாணல் ஓரமா கில்கோர் அண்ணந்தம்பி, வெல்டனும் ஹார்மனும். பாலத்துக்கு அடியில நம்ம சர்ச்சுல காணிக்கைத் தட்டு எடுத்துட்டுப் போவாரே வெர்லன் பேட், அவரும் அவரு சம்சாரம் ஐடாபெல்லும். படகுத்துறைப் பலகையில காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு அவிச்ச கடலை தின்னுக்கிட்டிருந்த டாயில். ஏழாச்சா? டாயிலை யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க. நான் சேப்பேன். கண்ணு இருக்குல்ல அவனுக்கு, அவனும் பாத்தான்.

ஏழு பேரு பாத்த மீன் போச்சு. ஏன் போச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு ஞானம். தூண்டில் நரம்பு பழசுங்குறான் வெல்டன். முள்ளு மழுங்கல்ங்குறான் ஹார்மன். ஒரே வயித்துல பொறந்தவனுங்க, ஒரே படகுல உக்காந்துக்கிட்டு ரெண்டு விதமாப் பாத்திருக்கானுங்க. ஐடாபெல் சொல்லுது, அது மீனே இல்லையாம், ஆமையாம். அந்தம்மா கண்ணாடியை வீட்ல வச்சுட்டு வந்திருந்துச்சு, அதையும் சொல்லணும்ல.

அதை வைங்க தம்பி. முதல்ல அதைக் கீழ வைங்க. நீங்க எடுத்த தூண்டில் கம்புதான். எவ்வளவு நீளம்னு அடியில எழுதியிருக்கும் பாருங்க. ஏழரை அடியா? நீங்க அஞ்சே முக்கால் அடி இருப்பீங்களா? மேல் தண்ணியில மிதக்குற பொய்மீனை, அதான் முள்ளு கோத்த மரமீனை, ஓட்டுறப்ப கம்பு நுனி கீழ தண்ணியப் பாத்து இருக்கணும். படகுல நின்னுக்கிட்டு இதைக் கீழ சாச்சீங்கன்னா நுனி தண்ணியில பட்டுப் பட்டுப் பளார் பளார்னு அறையும். மீனுக்கு, 'இந்தா, நான் இங்க இருக்கேன்'னு தந்தி குடுத்த மாதிரி. ஆறரை போதும் உங்களுக்கு. ஆறே முக்காலுக்கு மேல தொடாதீங்க.

லோரீன் உங்களுக்கு அதைத்தான் காட்டியிருப்பா. அவளைக் குத்தம் சொல்லல. கடை நடத்துறவ, சுவத்துல எது நெறைய தொங்குதோ அதைக் காட்டுவா. நான் இந்தக் குஞ்சு மீன் தொட்டிப் பக்கத்துல தினம் வந்து உக்காந்திருக்கேன். என்னை ஒருத்தன் கேக்கணுமே. நானும் வலியப் போய்ப் பேசுற ஆளில்ல. உங்ககிட்ட இவ்வளவு பேசுறதே எனக்கு அதிசயமாயிருக்கு. ஊருக்குப் புதுசு நீங்க, அதான்.

நுனியை வளைச்சுப் பாருங்க. இது வளையுதா? துணி காயப் போடலாம் இதுல. நமக்கு நுனி இளக்கமா இருக்கணும், இடுப்பு கெட்டியா இருக்கணும். ஏன்னு கேளுங்க. பாஸ் மீன் கீழயிருந்து ஏறி வந்து பொய்மீனை வாயில வாங்குது. வாங்குன ஒடனே மூடிடாது. நுனி இளக்கமா இருந்தா, நீங்க கொஞ்சம் அவசரப்பட்டாக்கூட கம்பு உங்களுக்காகப் பொறுத்துக்கும். இந்த இரும்புக்கம்பி பொறுக்காது. வாயில இருக்கிறதைப் பிடுங்கிட்டு வந்துரும்.

அந்தத் துணி உறையில என்ன வச்சிருக்கீங்க? பழைய கம்பா? மாத்திக்க வந்தீங்களா... சரி, அப்புறம் பாப்போம்.

நரம்புக்கு வாங்க. மூணு சாதி. அந்தப் பளபளப்புச் சுருள் இருக்கே, கண்ணுக்கே தெரியாதுன்னு விளம்பரம் போடுறானே, அதைத் தொடவே தொடாதீங்க. அது மூழ்குற நரம்பு. ஆழத்துல போடுற இரைக்கு நல்லது. மேல மிதக்குற பொய்மீனுக்கு அதைக் கட்டுனா மூக்கைப் பிடிச்சுக் கீழ இழுத்துக்கிட்டே இருக்கும். பொய்மீன் இடமும் வலமும் தலைய ஆட்டிட்டு நடக்கணும், அதான் அதோட வேலை. இது கட்டுனா, கடன்காரனைக் கண்டவன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு வரும். வெர்லன் பதினோரு வருஷமா அதைத்தான் கட்டுறாரு. பதினோரு வருஷத்துல மேல் தண்ணியில அவரு பிடிச்சது நாலு. நாலையும் நான் எண்ணியிருக்கேன்.

ரெண்டாவது, பின்னல் நூல். மிதக்கும், அறாது, தூரம் போகும். எல்லாம் சரி. ஆனா துவண்ட நூல் அது, தானாப் போயி பொய்மீனோட முன்முள்ளுல சுத்திக்கும். அதனால என்ன பண்ணணும், பின்னலை ரீல்ல சுத்திட்டு, முனையில ஒரு ரெண்டு அடி தடிச்ச தங்கூசி, அதான் ஒத்தை இழை நைலான் நரம்பு, கட்டணும். தங்கூசி கொஞ்சம் விறைப்பா நிக்கும், முள்ளுல மாட்டாது, மிதக்கவும் செய்யும். மூணாவது, முழுக்கவே தங்கூசி. புதுசாப் பழகுறவங்களுக்கு அதுதான். கொஞ்சம் இழுபடும், அந்த இழுவை உங்க அவசரத்தைத் தின்னுரும். ஹாலிஸுக்கு நான் அதைத்தான் சுத்திக் குடுத்தேன். பத்தொம்பது வருஷம்.

ஹாலிஸ் கதை வேற தம்பி. அவனை மாதிரி எறியறவன் இந்த ஏரியில கெடையாது. மரக்கெளைக்கு அடியில, ஒரு தொப்பி அளவு எடத்துல, சத்தமே இல்லாம வைப்பான். ஆனா தண்ணி தெறிச்சதைப் பாத்தான்னா போச்சு, கை நிக்காது. மீன் வாய் வைக்கிறதுக்குள்ள கம்பைச் சுண்டிருவான். பதறுற உடம்பு. நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தான், ஆனா ஒத்துக்கிறவன் அவன் ஒருத்தன்தான். அதனால ரெண்டாவது வருஷமே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். எறிஞ்சிட்டு அவன் மூஞ்சியைத் திருப்பிக்குவான். கரையில உள்ள மரத்தைப் பாத்துக்கிட்டே ஓட்டுவான். பொய்மீனை நான் பாப்பேன். தண்ணி தெறிச்சதும் மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணுவேன். நரம்பு நகரும். அப்ப 'இப்ப'ன்னு சொல்லுவேன். அவன் சுண்டுவான். அவ்வளவுதான். கில்கோர் பயலுங்க சிரிப்பானுங்க, கண்ணுகட்டி ஆட்டம்ன்னு. சிரிக்கட்டும். எண்ணிப் பாருங்க, அப்படிப் பிடிச்சது நானூத்திப் பன்னெண்டு மீன். தவறுனது முப்பத்தொண்ணு. என் நோட்டுல தேதியோட இருக்கு.

சனிக்கிழமை கிளப் போட்டி. ஜோடி இல்லாதவனுக்குப் படகு இறக்க அனுமதி இல்ல. அதோ வாசப்பக்கம் காகிதம் ஒட்டியிருக்காளே லோரீன், அதுல ஜோடி ஜோடியாப் பேரு எழுதணும். நான் என் பேரை எழுதிட்டேன். பக்கத்துக் கோடு காலி. ஹாலிஸ் என்னோட பேசி அஞ்சு வாரம் ரெண்டு நாள் ஆச்சு. ஒரு கம்புனால.

கம்புனாலதான். அவன் பொண்ணு வாங்கிக் குடுத்துச்சு, மில்லுல இருந்து அவன் ஓய்வு வாங்குனதுக்கு. வெளியூர்ல இருக்கிற பொண்ணு, பாசத்துல வாங்குனது, அதுக்கென்ன தெரியும். ஏழரை அடி. சுவத்துக்கு முட்டுக் குடுக்கலாம். ரீல்ல வெறும் பின்னல், முனையில ஒண்ணும் கட்டல. யோவ், இதை வீட்லயே வைன்னேன். பொண்ணு குடுத்தது, ஒரு நாளாவது எடுத்துட்டு வந்தேன்னு சொல்லணும்லன்னான். காலையில ஆறு பத்து. பனி இன்னும் கலையல. அவன் எறிஞ்சான், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். பொய்மீன் நாலு ஆட்டு ஆடுச்சு. அஞ்சாவதுக்கு வந்துச்சு பாருங்க. எழுபத்திரெண்டு வருஷத்துல அப்படி ஒரு வாயை நான் பாத்ததில்ல. வாளி உள்ள போகும். ஒம்போது ராத்தலுக்குக் கொறையாது. சுண்டுனான். பொய்மீன் பறந்து வந்து அவன் தொப்பியில குத்தி நின்னுச்சு.

அந்தக் கம்புக்கு ஒரு துளி இளக்கம் இருந்தா...

சொன்னேன், அப்பவே அவன் மூஞ்சிக்கு நேரா. கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன். தண்ணி மேல சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு தெரியுமில்ல, பாலம் வரைக்கும் அஞ்சு பேரும் கேட்டாங்க. பொண்ணு வாங்கிக் குடுத்த துடப்பக்கட்டைன்னு ஒரு வார்த்தை வந்துருச்சு. அவன் தொப்பியில இருந்து முள்ளை எடுத்தான். மத்தியானத்துக்கு வச்சிருந்த டப்பாவைத் திறக்கல. துறைக்கு வந்ததும் அவன் சாமான் அத்தனையும் ஒரே தடவையில தூக்கிக்கிட்டுப் போயிட்டான். எப்பவும் மூணு நடை நடப்பான்.

எங்க, உறையைக் கழட்டுங்க. நீங்க கொண்டுவந்த கம்பைப் பாத்துட்டு, எது மாத்தலாம்னு சொல்றேன்.

...

இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?

பிடியில எழுத்து சுட்டிருக்கே. 'அப்பாவுக்கு'ன்னு. இது ஹாலிஸ் கம்புல்ல. நீங்க... மருமகனா? டெனீஸைக் கட்டுனவரு நீங்கதானா? கல்யாணத்துல பாத்திருப்பேன், கோட்டுல இருந்தா எனக்கு யாரையும் அடையாளம் தெரியாது. இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி.

கடையில திருப்பிக் குடுக்கச் சொன்னானா. அவனே சொன்னானா? 'நான் கெடுத்தேன், இந்தக் கம்பால கெடுத்தேன்'னா? டெனீஸுக்குத் தெரியுமா? அழுதுச்சா?

சனிக்கிழமை நீங்களா அவனோட ஜோடி.

அப்படியா. நல்லது. நல்லதுதான்.

இருங்க. அதை லோரீன்கிட்ட குடுக்காதீங்க. ஒரு நிமிஷம் இருங்க. நான் ஒண்ணு சொல்லணும், எனக்குச் சட்டுன்னு வராது. மூணு தடவை அவன் வீட்டுத் தபால் பெட்டி வரைக்கும் போயிருக்கேன். மூணு தடவையும் திரும்பிட்டேன்.

இந்தக் கம்பு இந்த வேலைக்கு ஆகாது. அதுல மாத்தமில்ல. நீளம், விறைப்பு, நான் சொன்னது அத்தனையும் சரி. பாசிப் படலத்து மேல ரப்பர் தவளை போடுறதுக்கு இது அருமையான கம்பு, மீனை அப்படியே பாசியோட பேத்துக்கிட்டு வரும். அதுக்கு வச்சுக்கட்டும். ஆனா அன்னைக்கு மீன் போனது கம்பால இல்ல.

நான் எண்ணல.

வாயைப் பாத்தேன்னு சொன்னேன்ல. அதைப் பாத்ததும் 'இப்ப'ன்னு கத்திட்டேன். ஒண்ணுமில்ல, ரெண்டுமில்ல. பொய்மீன் இன்னும் தண்ணி மேல இருக்கு, மீன் பாதிதான் வந்திருக்கு. அவன் மரத்தைப் பாத்துக்கிட்டிருந்தான், அவனுக்கு எப்படித் தெரியும்? என் சொல்லைக் கேட்டு சுண்டுனான். இந்த ஊர்ல உள்ள அத்தனை பதறிப் பயலையும் பத்தொம்பது வருஷமா ஏசுனேன். அன்னைக்குப் பதறுனது நான். எந்தக் கம்பைக் குடுத்திருந்தாலும் அந்த மீன் போயிருக்கும். அங்க இருந்த அஞ்சு பேருக்கு நான் கத்துனது கேட்டுச்சு, எண்ணாம கத்துனேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் திரும்பி என் மூஞ்சியைப் பாத்தான், 'என்ன ஆச்சு?'ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் குடுத்த பதில் இந்தக் கம்பு.

இல்ல, பேசாம கேளுங்க. இப்ப இதைப் பாத்தவுடனே என்ன தோணுச்சு தெரியுமா? அந்த மூழ்குற நரம்பு ரெண்டு சுருளை உங்க கையில குடுத்து அனுப்பலாம்னு தோணுச்சு. சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணும் பிடிக்காம வாங்கன்னு. ஒரு மூச்சு விடுற நேரம்தான். குடுக்கல பாருங்க. இந்த ஆறரை அடியை எடுத்துக்கங்க, தடிச்ச தங்கூசி பதினஞ்சு ராத்தல் தாங்குறது. அதான் அவன் கைக்குப் பழக்கம்.

நீங்க பின்னாடி உக்காருவீங்க. அவன் எறிஞ்சிட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவான். கேலி பண்ணாதீங்க. மீன் வாயைப் பாக்காதீங்க, நரம்பைப் பாருங்க. தண்ணி தெறிக்கும். ஒண்ணு. ரெண்டு. நரம்பு பக்கவாட்டுல ஓட ஆரம்பிக்கும். அப்ப மெதுவா, பக்கத்துல இருக்கிறவனுக்குச் சொல்ற மாதிரி 'இப்ப'ன்னு சொல்லுங்க. நீங்க எப்ப சொன்னாலும் அவன் சுண்டுவான், அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க. சந்தேகமே படமாட்டான்.

நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லுங்க. எண்ணலன்னு சொல்லுங்க. இல்ல, வேணாம், அதை நான்தான் சொல்லணும், நாலாவது தடவை போனா படியேறிருவேன்... இல்ல, நீங்களே சொல்லிருங்க. டெனீஸ்கிட்டயும் அந்தத் துடப்பக்கட்டைப் பேச்சு... அதுக்குத் தெரியாதுல்ல? தெரியாட்டி விடுங்க. அப்புறம் இன்னொண்ணு, மேகம் மூடியிருந்தா வெள்ளை வயிறு பொய்மீன் வேணாம், கறுப்பை...

தம்பி?

லோரீன், அந்தத் தம்பி எங்க? போயிட்டாரா? வண்டிச் சத்தம் கேட்டது அவருதானா. கம்பைத் திருப்பிக் குடுத்தாரா? குடுக்கலையா. உறையோட எடுத்துட்டுப் போயிட்டாரா. சரி. ஆறரை அடி? அதுவும் வாங்கிட்டாரா. தங்கூசி? பதினஞ்சா? நல்லது.

காகிதத்துல எழுதிட்டுப் போனாரா? இரு, நானே வந்து பாக்குறேன், மூக்குக் கண்ணாடி எங்க... ஹாலிஸ் டிட்மோர். பக்கத்துல ரேண்டல் ஓட்ஸ். ரேண்டலா அவரு பேரு. நான் கேக்கவே இல்ல பாரு.

கையெழுத்து குண்டு குண்டா நல்லாயிருக்கு. இரு, எண்ணிக்கிறேன். கில்கோர் ரெண்டு, வெர்லன் வீடு ரெண்டு, நாலு. டாயிலுக்குக்கூட அவன் சித்தப்பா சேந்திருக்காரு, ஆறு... பதினாலு... பதினாறு, பதினேழு.

பதினேழு பேரு. எட்டுப் படகு. மிச்சம் ஒண்ணு.