ஒரு காலுக்குத் தொண்ணூறாயிரம்

இந்த இடத்தில் ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பயப்படாதீர்கள், பள்ளி விழாவுக்கு வந்திருக்கும் பெற்றோர்களே... சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

சென்னையில் நவநீதன் என்று ஒருவர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மற்ற நேரத்தில் ஷூ வாங்கி விற்பார். தெருக்கோடியில் விற்கிற ஷூ இல்லை. நாலு சக்கரம் வைத்த பலகையில் ஏறி நின்றுகொண்டு பிள்ளைகள் பறக்கிறார்களே, ஸ்கேட்போர்டு... அதற்கென்றே செய்கிற ஷூ. ஒரு மாடலில் உலகத்துக்கே முந்நூறு ஜோடிதான் செய்வார்கள். வாங்குவதற்குக் குலுக்கல். குலுக்கலில் கிடைத்தவர் மறுநாளே மூன்று மடங்குக்கு விற்பார். வாங்கினவர் ஆறு மடங்குக்கு விற்பார். இதற்கிடையில் யாராவது காலில் போடுவார்களா? போட்டால் விலை போய்விடுமே ஐயா!

நவநீதன் வீட்டில் ஓர் அறை முழுக்க இந்த ஷூக்கள். அந்த அறைக்கு ஏசி உண்டு. கையுறை போட்டுத்தான் தொடுவார். அவர் மட்டும் ரப்பர் செருப்பில் ஆபீஸ் போவார்.

அவற்றில் ஒரு சாம்பல் நிற ஜோடி. வாங்கிய விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம்! ஒரு காலுக்குத் தொண்ணூறாயிரம். என்ன விசேஷம்? அந்தச் சாம்பல் துணிக்கு அடியில் இன்னொரு வேலைப்பாடு ஒளிந்திருக்கிறது. ஸ்கேட்போர்டின் மேல் உப்புத்தாள் மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஓட்டுகிறவர் கால் அதில் உரசி உரசி, மேல்துணி கிழிந்து, உள்ளே இருப்பது தெரியும். என்ன தெரியும்? செய்தவர்கள் சொல்லவில்லை. வாங்கியவர்கள் முந்நூறு பேர். ஆறு வருடம் ஆயிற்று. ஒருவர்... ஒரே ஒருவர்கூடப் பார்க்கவில்லை!

ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்டார். "நாலு லட்சம் தர்றேன். ஆனா இந்த மாடல்ல போலி நிறைய வருது. உங்களது அசல்தானா?"

போலிக்கும் மேலே அதே சாம்பல் துணிதான். உள்ளே மட்டும் ஒன்றும் இருக்காது. அசல் என்று நிரூபிக்கக் கிழிக்க வேண்டும். கிழித்தால் நாலு லட்சம் போயிற்று. கிழிக்காவிட்டால்... ஆறு வருடமாக ஏசி போட்டுக் காப்பாற்றியது போலியா?

மனைவி கலைமதி சொன்னார்: "ஒரு பிளேடு எடுத்து ஓரமா கீறிப் பாருங்களேன்."

"உன் வாயைக் கழுவு!"

மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கடற்கரையோரம் ஸ்கேட்போர்டு ஓட்டுகிற மைதானத்துக்குப் போனார். அங்கே ஜெனிட்டா என்று ஒரு பெண். மீனவர் வீட்டுப் பெண், கல்லூரி இரண்டாம் வருடம். பலகையில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. அவள் ஷூவில் சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவளிடம் கதை முழுவதையும் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"தொட்டுப் பாத்தா அசலா போலியான்னு தெரியுமாம்மா?"

"கையால தொட்டா என்னண்ணே தெரியும்? என்ன சைஸ்?"

"ஏழு."

"அட, என் சைஸு!"

நவநீதன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"புடுங்கிட்டு ஓட மாட்டேண்ணே. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இத விக்கணுமா, உள்ள என்ன இருக்குன்னு தெரியணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் நடக்காதுன்னு இப்பத்தானே நீங்களே சொன்னீங்க?"

அவர் சிமெண்ட் படியில் உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார்... மூடினார்... திறந்தார். கடைசியில் நீட்டினார். "மெதுவா மாட்டும்மா. லேஸ்கூடப் புதுசு."

ஓட்டினாள். எகிறினாள். ஒவ்வொரு எகிறலுக்கும் ஷூ பலகையில் சர்ர்ர்... என்று உரசும். ஒவ்வொரு சர்ருக்கும் இவர் கண்ணை மூடுவார். பத்துத் தடவை... இருபது தடவை... துணி நைந்தது. நூல் பிரிந்தது. உள்ளே? அதே சாம்பல்.

"அண்ணே, ஒண்ணும் தெரியல. நிறுத்திரவா?"

நாலு லட்சம் போய்விட்டது. போலியாகவும் இருக்கலாம். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? அவர் சொன்னார்:

"நிறுத்தாத. இன்னும் எகிறு."

இன்னும் பத்து எகிறல். கடைசி அடுக்கும் விட்டது. நீலம்! மீன்கொத்தியின் சிறகு. இறகு இறகாக, முடியைவிட மெல்லிய நூலில் தைத்த சிறகு. அவள் கால் உரசிய இடத்தில் மட்டும், உரசிய வடிவத்தில் திறந்திருந்தது. வேறொருவர் ஓட்டியிருந்தால் வேறொரு வடிவத்தில் திறந்திருக்கும். அவள் மறுபடி எகிறியபோது, வெயிலில் அந்தச் சிறகு மின்னியது. எதைப் பார்த்தாலும் முதலில் விலை சொல்கிற நவநீதன் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது. "அம்மாடி..."

வீட்டுக்குப் போன் போட்டார். "கலை, அசல்தான்!"

"அப்ப வித்துருங்க."

"இனிமே யாரும் வாங்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன் இவ்வளவு சந்தோஷமாப் பேசுறீங்க?"

ஏன்? நமக்குத் தெரியுமா?

ஆசிரியப் பெருமக்களே, காலையில் உங்கள் ஆய்வகத்தைப் பார்த்தேன். கண்ணாடி அலமாரியில் எட்டு நுண்ணோக்கிகள். வந்து நாலு வருடம், உறைகூடப் பிரிக்கவில்லை என்று பெருமையோடு சொன்னார்கள். நானும் பிரமித்துத்தான் போனேன். ஒரு மாணவி வெங்காயத்தோல் செல்லை அழகாக வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். எதைப் பார்த்தம்மா வரைந்தாய் என்று கேட்டேன். "புத்தகத்தைப் பார்த்து, சார்."

பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடையும் என்கிறீர்கள். உடையும். எட்டில் இரண்டு நிச்சயம் உடையும். ஆனால் அந்தக் குழாய்க்குள் ஒரு பிள்ளை முதன்முதலாகக் கண்ணை வைத்து, "அம்மாடி..." என்று சொல்லுமே, அதைக் கேட்கத்தானே நாம் பள்ளிக்கூடம் கட்டினோம்? பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற பெயரில், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை மட்டும் நாம் செய்யவிடுவதில்லை.

அலமாரிச் சாவி யாரிடம் என்று இந்த மேடையில் கேட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். நாளை காலை முதல் பீரியட் ஆய்வகத்தில் எந்த வகுப்புக்கு... அதை மட்டும் சொல்லுங்கள்.