தைலம் படாத சுண்டு விரல்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குச் செண்பகனூரில் வத்தலக்குண்டு பேருந்தில் இரண்டு பெண்கள் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இருவருக்கும் அருவிக்கருகே தைலக்கடை. செல்வி என்ற இளையவர் கடை போட்டு ஒரு வாரம்தானாம்.

“கண்ணுல இருந்து கழட்டி, நாக்குல ஒரு நக்கு நக்கி, திரும்ப மாட்டிக்கிட்டேன்” என்றார் மூத்தவர்.

“எதைக்கா?”

“லென்சைத்தான். தூசி விழுந்துருச்சு.”

“ஐயையே! கழுவ மாட்டீங்களா?”

“உள்ளங்கையில வச்சுத் தேய்க்கணும்டி. கையெல்லாம் தைலமாக் கெடக்கு. லென்சு மாட்டுறதுக்குன்னு இந்தச் சுண்டு விரலை மட்டுந்தான் தைலம் படாம வச்சிருக்கேன். கழுவுற மருந்தும் தீந்துபோச்சு. வத்தலக்குண்டு போனாத்தான் கெடைக்கும்.”

“பேசாமக் கண்ணாடி போடுங்களேன்.”

“எனக்குக் கருவிழி கூம்பாட்டம் இருக்காம். கண்ணாடி போட்டாலும் தெரியாது, இந்தக் கெட்டி லென்சுதான். ஒண்ணு ஒம்பதாயிரம்.”

“ஆத்தாடி! ரெண்டு கண்ணுக்கும் பதினெட்டா?”

“ஒரு கண்ணுக்குத்தான். எடது கண்ணு போன வருசமே போச்சு. எச்சி பட்டுப் புண்ணாயிருச்சுன்னாரு டாக்டரு.”

செல்வி எழுந்தே விட்டார். “அதுக்கப்புறமுமா நக்குறீங்க?”

“நக்குனா என்னைக்காவது போகும். லென்சு போடாட்டி இன்னைக்கே தெரியாது. யாவாரம் பாக்கணும்ல?”

அருவி நிறுத்தத்தில் மூத்தவர் இறங்கினார். செல்வி இறங்கவில்லை.

“எனக்கு வத்தலக்குண்டுக்கு டிக்கெட் குடுங்கண்ணே” என்று நடத்துநரிடம் பணத்தை நீட்டிவிட்டு, சன்னல் வழியே கத்தினார்:

“மருந்து வாங்கிட்டு வெரசா வந்துர்றேன். அதுவரைக்கும் நாக்கை வெளிய நீட்டாதீங்க! தூசி விழுந்தா லென்சைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருங்க!”